முதல் ராடு, ரீல், நரம்பு: எந்த வரிசையில் தேர்ந்தெடுப்பது?

நண்பரிடம் இரவல் வாங்கிய தூண்டில் ராடில் அவ்வப்போது மீன் பிடித்து வருவதாகவும், அண்மையில் மாட்டிய பெரிய மீன் ஒன்று தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டதாகவும், ஆகவே சொந்தமாக வாங்கப்போகும் முதல் தொகுப்பு கனமான ராடு, நரம்பைச் சுற்றிவைக்கும் பெரிய ரீல், 40 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பு என்று இருந்தால்தான் இனி மீன் தப்பாது என்று நினைப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஏரியிலும் ஆற்றிலும் ஒன்று முதல் மூன்று கிலோ வரையுள்ள மீன்களையே பெரும்பாலும் எதிர்பார்ப்பதாகவும், எப்போதாவது கழிமுகக் கரையில் நின்று எறிய ஆசை உண்டு என்றும் சொல்லியிருக்கிறீர்கள். இவற்றுக்கிடையே போகிறபோக்கில் நீங்கள் குறிப்பிட்ட ஒரு விவரத்தில்தான் விடையின் பாதி இருக்கிறது. மீன் போன பிறகு கையில் மிஞ்சிய நரம்பின் நுனி இரண்டு மூன்று சுருளாகச் சுருண்டிருந்தது என்கிறீர்கள்.

நரம்பு எப்படிப் போனது என்பதை அதன் நுனியே சொல்லிவிடும். பல்லோ செவுள்மூடியின் விளிம்போ வெட்டியிருந்தால் நுனி கத்தியால் அறுத்ததுபோல் சுத்தமாக இருக்கும். பாறையிலோ மூழ்கிய மரத்திலோ உரசி அறுந்திருந்தால், நுனிக்கு மேலே சில அங்குலத் தொலைவுக்கு நரம்பு சொரசொரப்பாகி வெளுத்திருக்கும். சுருண்ட நுனி வேறொன்றைக் காட்டுகிறது. முடிச்சு இறுக்கமாக உட்காராமல், இழுவை கூடியபோது மெல்ல நழுவி அவிழ்ந்திருக்கிறது. முடிச்சுக்குள் சுற்றியிருந்த வளைவுகள்தான் சுருளாக மிஞ்சியிருக்கின்றன. ஆகவே உங்கள் நரம்பு அறவேயில்லை. 40 பவுண்டு நரம்பாக இருந்தாலும் அந்த முடிச்சு அவிழ்ந்திருக்கும். தடித்த நைலானில் முடிச்சை இறுக்குவது இன்னும் கடினம் என்பதால் சற்று முன்னதாகவே அவிழ்ந்திருக்கவும் கூடும். கட்டிய முடிச்சை எச்சிலாலோ தண்ணீராலோ நனைத்து, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் மெதுவாக இறுக்கி, பிறகு கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பலமாக ஒருமுறை இழுத்துப் பார்ப்பது மட்டும் அந்த மீனைக் கரைசேர்த்திருக்கும். நனைக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நைலான் மேற்பரப்பு வலுவிழக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மீனின் எடைக்கு ஈடான வலிமை நரம்புக்கு வேண்டும் என்ற எண்ணமே அடிப்படையில் சரியன்று. 1959ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் செடூனா கடற்பகுதியில் ஆல்பிரட் டீன் என்பவர் 2,664 பவுண்டு, அதாவது 1,208 கிலோ எடையுள்ள வெள்ளைச் சுறாவை 130 பவுண்டு நரம்பில் பிடித்தார். நரம்பின் வலிமையைப்போல் இருபது மடங்கு எடை. நீரில் மிதக்கும் மீனை நாம் தூக்குவதில்லை. அதன் ஓட்டத்துக்கு எதிராக ஓர் அளவான இழுவையைக் கொடுத்துக் களைப்படையச் செய்கிறோம். அந்த அளவைக் கட்டிக்காக்கும் வேலை ரீலில் இருக்கும் டிராக் என்னும் தடுப்புக்கு உரியது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

இனி தேர்வுக்கு வருவோம். புதிதாக வாங்குகிறவர்கள் ராடைப் பிடித்துப்போய் வாங்கிவிட்டு, அதற்கு ஒரு ரீல், அதில் சுற்ற ஒரு நரம்பு, கடைசியில் தூண்டில் முள் என்று போவார்கள். நான் இதை அப்படியே தலைகீழாகச் செய்யச் சொல்வேன். எந்த மீன், அதற்கு எந்த இரை, அந்த இரையும் எடைக்குக் கட்டும் ஈயமும் சேர்ந்து எத்தனை கிராம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். எறியப்போகும் எடை தெரிந்தால் அந்த எடையை வளைந்து வீசக்கூடிய ராடு எது என்பது தெரிந்துவிடும். ராடு தெரிந்தால் அது தாங்கும் நரம்பு தெரியும். நரம்பின் தடிமனும் தேவைப்படும் நீளமும் தெரிந்தால் ரீலின் அளவு தானே அமையும்.

ராடின் பிடிக்குச் சற்று மேலே சிறிய எழுத்துகளில் இந்தத் தகவல் எல்லாம் அச்சிடப்பட்டிருக்கும். '7 அடி, மீடியம், 6–12 பவுண்டு, 7–21 கிராம்' என்பதுபோல் இருந்தால், பவுண்டு என்பது ராடு தாங்கும் நரம்பு, கிராம் என்பது எறியும் எடை. அந்தக் கடைசி எண்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது. 7 கிராமுக்குக் குறைந்த எடையை அந்த ராடில் எறிந்தால் நுனி வளையாது. வளையாத ராடு வீசாது. கையின் வேகத்தை மட்டும் நம்பி எறிய வேண்டியிருக்கும். 21 கிராமைத் தாண்டினால் வீசும் கணத்தில் ராடு அளவுக்கு மீறி வளைந்து, துல்லியமும் போய், ஒருநாள் முறிந்தும் போகலாம். உங்கள் கனமான ராடு யோசனையின் மிகப்பெரிய குறை இதுதான். 40 பவுண்டு நரம்புக்கு உரிய ராடு பெரும்பாலும் 30 கிராமுக்கு மேற்பட்ட எடைகளுக்காகச் செய்யப்பட்டது. நீங்கள் மூன்று கிலோ மீனுக்கு எறியப்போவதோ 10 கிராமும் 15 கிராமும்.

பவர், ஆக்ஷன் என்ற இரண்டு சொற்களையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். பவர் என்பது ராடை வளைக்க எவ்வளவு விசை தேவை என்பது. அல்ட்ரா லைட், லைட், மீடியம், ஹெவி என்று அது ஏறிக்கொண்டே போகும். ஆக்ஷன் என்பது ராடு எந்த இடத்தில் வளைகிறது என்பது. நுனியின் மூன்றிலொரு பங்கு மட்டும் வளைந்தால் பாஸ்ட், நடுவரை வளைந்தால் மாடரேட், பிடிவரை வில்லாக வளைந்தால் ஸ்லோ. ஒற்றை முள்ளை மீனின் வாயில் சுண்டி ஏற்ற வேண்டிய முறைகளுக்கு பாஸ்ட் நல்லது. கெட்டியான வாயுள்ள விரால் போன்ற மீனுக்கு அது தேவையும்கூட. மும்முள் கட்டிய கிராங்க்பெய்ட் போன்ற செயற்கை இரைகளில் மீன் தானே மாட்டிக்கொள்ளும். அங்கே விறைப்பான ராடு சிறிய முட்களைப் பிய்த்தெடுத்துவிடும் என்பதால் மாடரேட்தான் பொருத்தம். மென்மையான உதடுள்ள கெண்டைக்கும் இதுவே பொருந்தும். இரண்டுக்கும் ஒரே ராடு வேண்டும் என்றால் மீடியம் பவரில் பாஸ்ட் எடுத்து, மும்முள் இரை கட்டும்போது டிராக்கைச் சற்றுத் தளர்த்திக்கொண்டால் சமாளிக்கலாம்.

நீளத்தைப் பொறுத்தவரை 7 அடி உங்கள் தேவைக்குப் போதும். கரையில் நின்று வெகுதூரம் எறிபவர்கள் 9, 10 அடி என்று போவதுண்டு. நீண்ட ராடு இரையை வேகமாக வீசும், நரம்பை அலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கும். ஆனால் நெம்புகோல் விதி இங்கே நமக்கு எதிராகவும் வேலை செய்கிறது. மீன் பிடித்து இழுப்பது நீண்ட பக்கத்தை, நாம் பிடித்திருப்பது குட்டையான பக்கத்தை. ராடு நீள நீள, அதே மீன் நம் மணிக்கட்டுக்குக் கூடுதல் பாரமாகத் தெரியும். மரங்கள் அடர்ந்த ஆற்றங்கரையில் 9 அடி ராடை ஓங்க இடமும் இருக்காது.

கண்ணாடி இழையா கார்பனா என்பதில் பலருக்கு உறுதியான கருத்துகள் உண்டு. கார்பன் இழை ராடுகள் 1970களில் பரவலான பிறகு, கண்ணாடி இழை பழசு என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. கார்பன் இலகுவானது, விறைப்பானது, நீருக்கடியில் இரை கூழாங்கல்லில் இடறுவதைக்கூடக் கைக்குச் சொல்லும், உண்மைதான். ஆனால் படகின் விளிம்பில் ஒருமுறை பலமாக மோதினாலோ, ஈயக்குண்டு ஒன்று வந்து அடித்தாலோ, கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, சில மாதம் கழித்து ஒரு சாதாரண மீனில் முறியும். கண்ணாடி இழை இந்த அடிகளைப் பொருட்படுத்தாது. இரண்டையும் கலந்து செய்யும் ராடுகள் முதல் ராடாக மிகப் பொருத்தமானவை என்பது என் கருத்து. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் மறக்க வேண்டாம். மின்கம்பிகளுக்குக் கீழே ராடை ஓங்குவதும், இடி மின்னலின்போது அதைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் உயிருக்கே ஆபத்து.

கடையில் ராடைக் கையில் எடுத்ததும் எல்லோரும் நுனியை ஆட்டிப் பார்ப்பார்கள். அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பதிலாக, ராடில் வரிசையாகப் பதித்திருக்கும் வளையங்களின் உள்ளே ஒரு பஞ்சுத் துணுக்கைச் சுற்றி எடுங்கள். எங்காவது ஓர் இழை சிக்கினால் அந்தப் பீங்கான் வளையத்தில் விரிசல் இருக்கிறது. அது உங்கள் நரம்பை ஒவ்வொரு எறிதலிலும் சுரண்டிக்கொண்டே இருக்கும். பிடியிலிருந்து கண்ணை ஓட்டி எல்லா வளையங்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். இரண்டு துண்டாகக் கழற்றும் ராடில் இணைப்பு ஆடக்கூடாது. குடைக்காம்புபோல் உள்ளுக்குள் மடங்கும் ராடு பயணத்துக்கு வசதிதான் என்றாலும், அதன் இணைப்புகளில் மணல் புகுந்தால் பிறகு தலைவலி; கழிமுகத்துக்குப் போக நினைக்கும் உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்து ரீல். முதல் ரீலாக ஸ்பின்னிங் ரீலைத் தவிர வேறொன்றையும் பார்க்க வேண்டாம். பெயிட்காஸ்டிங் ரீல் வரலாற்றில் மூத்தது. கென்டக்கியில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக் கைவினைஞர் 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதன் முன்னோடியைச் செய்தார். அதில் எறியும்போது நரம்பு சுற்றிய உருளையே சுழல்கிறது. காற்றில் இரையின் வேகம் குறைந்த பிறகும் உருளை அதே வேகத்தில் சுழன்றால், வெளியேறாத நரம்பு உருளைமேல் குமிந்து, பிரிக்கவே முடியாத சிக்கலாகிவிடும். காந்தத் தடையும் மையவிலக்குத் தடையும் இதைக் குறைக்கின்றன. ஆனால் கட்டைவிரலின் பயிற்சியை அவை முழுக்க ஈடுசெய்யா. இலகுவான இரைகளுக்கு அது ஒத்துழைப்பதும் குறைவு. ஸ்பின்னிங் ரீலின் கதை வேறு. இங்கிலாந்தின் துணி ஆலை உரிமையாளரான ஆல்பிரட் இல்லிங்வொர்த் 1905இல் காப்புரிமை பெற்ற ரீலில், ஆலையின் நூற்கண்டிலிருந்து நூல் முனைவழியே நழுவி வருவதுபோல, உருளை அசையாமல் நிற்க நரம்பு மட்டும் அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாகப் போகிறது. சுழலும் உருளை இல்லாததால் அந்தக் குமிதலும் இல்லை. 5 கிராம் இரையும் தயங்காமல் போகும்.

அதற்கும் ஒரு நோய் உண்டு. நரம்பு முறுக்கேறுவதுதான் அது. மீன் இழுத்து டிராக்கில் நரம்பு போய்க்கொண்டிருக்கும்போது பதற்றத்தில் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தால், நரம்பு உள்ளே வராது, முறுக்கு மட்டும் ஏறும். 5:1 விகிதமுள்ள ரீலில் கைப்பிடியின் ஒவ்வொரு சுற்றும் நரம்பில் ஐந்து முறுக்கு. மீன் ஓடினால் கையை நிறுத்துங்கள், நின்றால் சுற்றுங்கள். எறிந்த பிறகு, நரம்பை உருளைக்கு வழிநடத்தும் வளைகம்பியைக் கைப்பிடியைச் சுற்றி மூடாமல் இடக்கையால் மூடி, நரம்பை ஒருமுறை இழுத்து இறுக்கிக்கொண்டு சுற்றத் தொடங்குவதும் பாதிச் சிக்கலைத் தடுக்கும்.

ரீல்களில் 1000, 2500, 4000 என்று எண் போட்டிருப்பார்கள். எண் ஏற ஏற உருளையும் ரீலும் பெரியவை. உங்களுக்கு 2500 அல்லது 3000. அதற்கு மேல் போனால் 7 அடி ராடின் பிடியில் பாரம் கூடி, ஒரு காலைப்பொழுது முழுவதும் எறிந்த பிறகு மணிக்கட்டு கணக்குக் கேட்கும். பெட்டியின்மேல் '11 பேரிங்', '13 பேரிங்' என்று பெரிய எழுத்தில் இருந்தால் அதைப் படிக்காமலேயே தாண்டிப் போங்கள். தரமான ஐந்து பேரிங் உள்ள ரீல் மட்டமான பதின்மூன்றைவிட நெடுநாள் உழைக்கும். பார்க்க வேண்டியது டிராக். ரீலில் நரம்பைச் சுற்றி, டிராக்கைப் பாதியளவு இறுக்கி, நரம்பை மெதுவாகக் கையால் இழுங்கள். தயங்கி நின்று, பிறகு வெடுக்கென்று விடுபட்டு, மறுபடி தயங்கினால் அந்த ரீல் வேண்டாம். அந்தத் தயக்கத்தில்தான் நரம்புகள் அறுகின்றன. நல்ல டிராக்கில் தொடங்கும் விசையும் தொடரும் விசையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்.

டிராக்கை எவ்வளவில் வைப்பது என்பதற்கு நெடுநாளாகப் புழங்கும் அளவு, தொகுப்பில் மிகவும் வலுக்குறைந்த உறுப்பின் தாங்குதிறனில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. இதைக் கையால் இழுத்து மதிப்பிடாமல் ஒரு தொங்குதராசை நரம்பில் மாட்டி அளந்துவிடுங்கள். 12 பவுண்டுவரை தாங்கும் ராடு என்றால் 5.4 கிலோ, அதில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இழுவையில் டிராக் நரம்பை விட வேண்டும். ஒன்றரைக் கிலோதானா என்று தோன்றும். தராசின் மறுமுனையை நண்பர் ஒருவர் பிடித்திருக்க, நீங்கள் ராடை வளைத்து ஒன்றரைக் கிலோ காட்டச் செய்து பாருங்கள். ராடு எவ்வளவு வளைகிறது, முன்கை எவ்வளவு கடுக்கிறது என்பது அப்போது புரியும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மீன் நெடுந்தூரம் ஓடி உருளையில் நரம்பு குறைந்துவிட்டால், அதே டிராக் அமைப்பில் இழுவை தானாகவே கூடுகிறது. உருளையில் நரம்பின் சுற்றளவு பாதியாகக் குறைந்தால் இழுவை இருமடங்காகும். அதோடு நீரில் வளைந்து கிடக்கும் நரம்பின் தடையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ஓடும் மீனை நிறுத்துவதற்காக டிராக்கை மேலும் இறுக்கக் கை போகும் நேரத்தில், உண்மையில் செய்ய வேண்டியது சற்றே தளர்த்துவது. பெரிய மீன்களை இழந்த கதைகளில் கணிசமானவை இந்தக் கணத்தில்தான் முடிகின்றன.

நரம்பில் மூன்று வகை. நைலான் மோனோ, பாலிஎத்திலீன் இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு, புளூரோகார்பன். மோனோ அறுபடும் நிலைக்கு வருமுன் தன் நீளத்தில் ஐந்திலொரு பங்கு அளவுக்குக்கூட நீளும். இந்த நெகிழ்வு புதியவரின் பதற்றத்தை உள்வாங்கிக்கொள்ளும், முடிச்சும் எளிதில் பிடிக்கும். ஆனால் நீரை உறிஞ்சி நனைந்தபின் வலிமை குறையும், வெயிலில் நாளடைவில் நலியும், உருளையில் சுற்றிய வடிவத்தை நினைவில் வைத்துக்கொண்டு சுருளாக வரும். பிரெய்டு ஏறக்குறைய நீள்வதே இல்லை. அதே வலிமைக்கு மோனோவைவிட மிக மெல்லியது. நீரைவிட அடர்த்தி குறைந்ததால் மிதக்கும். மெலிவின் பயன் எறியும் தூரத்தில் தெரியும். அதன் குறைகள் இரண்டு. பாறையிலும் சிப்பியிலும் உரசினால் நொடியில் போய்விடும். இழுவையில் இருக்கும்போது விரலில் சுற்றினால் சதையை வெட்டும்.

மிதவை கட்டி மண்புழுவோடு உட்காருபவருக்கு மீன் கொத்துவது கண்ணால் தெரியும். மிதவை இரண்டு முறை நடுங்கும், பக்கவாட்டில் ஒரு சாண் நகரும், பிறகு சாய்ந்து உள்ளே போகும். கடைசி அசைவுவரை காத்திருப்பதுதான் அங்கே திறமை. பிரெய்டில் செயற்கை இரையை இழுப்பவருக்கு எல்லாம் விரல்வழியே வருகிறது. ராடின் அடிவளையத்துக்கு முன்னால் ஆட்காட்டி விரலில் நரம்பைத் தொட்டுப் பிடித்திருந்தால், இரை மணலில் இழுபடுவது ஒரு மெல்லிய அரைப்பாகவும், பாசியில் படுவது மந்தமான கனமாகவும், மீன் வாயில் எடுப்பது ஒரேயொரு 'டக்' ஆகவும் தெரியும். சில சமயம் அந்த 'டக்'கும் இருக்காது. இழுத்துக்கொண்டிருந்த கனம் திடீரென்று காணாமல் போகும். மீன் இரையைக் கவ்விக்கொண்டு நம்மை நோக்கி வருகிறது என்று பொருள். அப்போது சுண்டுவதற்கு முன் வேகமாகச் சுற்றித் தளர்வை எடுக்க வேண்டும். இந்த விரல்மொழிக்காகவே நான் பிரெய்டை விரும்புகிறேன், தூரத்துக்காக அல்ல.

உங்களுக்கு என் பரிந்துரை 15 பவுண்டு பிரெய்டு, அதன் முன்னால் ஒன்றரை மீட்டர் அளவுக்கு 15 அல்லது 20 பவுண்டு புளூரோகார்பன் லீடர், அதாவது முள்ளுக்கு முன்னால் இணைக்கும் துண்டு நரம்பு. புளூரோகார்பன் நீரில் கண்ணுக்கே தெரியாது என்று விற்பார்கள். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, இதனுடையது 1.42, நைலானுடையது 1.5ஐத் தாண்டும், ஆகவே நைலானைவிடக் குறைவாகத் தெரியும் என்பது சரி, தெரியவே தெரியாது என்பது விளம்பரம். அதை லீடராகக் கட்டச் சொல்வதற்கு என் காரணம் வேறு: அது கெட்டியானது, உரசலைத் தாங்கும், நீரில் மூழ்கும். கழிமுகத்தில் கொடுவா மாட்டினால் செவுள்மூடியின் கத்தி போன்ற விளிம்பைத் தாங்க 30 பவுண்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிரெய்டை லீடரோடு இணைக்க இரட்டை யூனி முடிச்சு போதும், எப்.ஜி. முடிச்சு அதைவிட ஒல்லியானது, வளையங்களில் தடையின்றி ஓடும், ஆனால் காற்றடிக்கும் கரையில் கட்டப் பொறுமை வேண்டும். இரைக்கும் முள்ளுக்கும் பாலோமர் முடிச்சைக் கற்றுக்கொண்டால் பிரெய்டிலும் மோனோவிலும் நழுவாது. பிரெய்டை வெறும் உலோக உருளையில் நேரடியாகக் கட்டினால் மொத்தச் சுற்றும் வழுக்கி ஓடும். அடியில் சில சுற்று மோனோ சுற்றி அதன்மேல் பிரெய்டைக் கட்டுங்கள். உருளையின் விளிம்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீழே நிற்கும் அளவுக்கு நிரப்ப வேண்டும்; குறைந்தால் தூரம் குறையும், மிஞ்சினால் ஒரே எறிதலில் பத்துச் சுற்று சேர்ந்து கிளம்பிச் சிக்கும்.

முள்ளைப் பற்றி எல்லோரும் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மீனைத் தொடும் ஒரே பொருள் அதுதான் என்பதால் நான் சற்று நிற்கிறேன். எண் முறை குழப்பமானது: 10ஐவிட 6 பெரியது, 6ஐவிட 1 பெரியது, அதற்குமேல் 1/0, 2/0 என்று மறுபடி ஏறும். புழுவுக்கும் சிறு கெண்டைக்கும் 8 அல்லது 6, கெளுத்திக்கும் கொடுவாவுக்கும் 1/0 முதல் 3/0 வரை என்பது ஒரு தோராயமான தொடக்கம். கூர்மையைக் கட்டைவிரல் நகத்தில் சோதிக்கலாம். முனையை நகத்தின்மேல் சாய்த்து லேசாக இழுத்தால் குத்தி நிற்க வேண்டும், வழுக்கினால் முள் மழுங்கிவிட்டது. இரையை அடியில் போட்டுக் காத்திருக்கும் முறைக்கு வட்ட முள்ளைப் பயன்படுத்துங்கள். அதன் முனை தண்டை நோக்கி உள்ளே வளைந்திருப்பதால், விழுங்கிய மீன் திரும்பி நீந்தும்போது தொண்டையில் குத்தாமல் நழுவி வாயின் ஓரத்தில் வந்து மாட்டும். ஆனால் பழக்கதோஷத்தில் சுண்டி இழுத்தால் வாயை விட்டு வெளியே வந்துவிடும். நரம்பு இறுகும்வரை பொறுத்து, நிதானமாகச் சுற்றத் தொடங்கினால் போதும்.

ஈயக்குண்டுக்கு மாற்று உண்டு. பிரிட்டனில் அன்னப்பறவைகள் கரையோரத்தில் சிந்திய ஈயத்தைக் கூழாங்கல்லோடு விழுங்கி நஞ்சேறி மடிந்ததால், 0.06 கிராமுக்கும் 28.35 கிராமுக்கும் இடைப்பட்ட ஈயக்குண்டுகளின் விற்பனை 1987இல் அங்கே தடைசெய்யப்பட்டது. டங்ஸ்டன் ஈயத்தைவிட அடர்த்தியானது. அதே எடைக்குச் சிறிதாக இருப்பதால் அடித்தரையை நன்றாகத் தொட்டுச் சொல்லும், விலை மட்டும் கூடுதல்.

செயற்கை இரையில் தொடக்கத்திலேயே பெட்டி நிறைய வாங்குவதுதான் பணம் கரையும் இடம். அவற்றின் வண்ணங்கள் பெரும்பாலும் வாங்குபவரைப் பிடிப்பதற்கு. பின்லாந்தின் லாரி ராப்பலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய மின்னும் தாளை ஒட்டி, உருக்கிய புகைப்படச் சுருளைப் பூச்சாகப் பூசி ஒரு மீனைச் செய்தார். கூட்டத்தில் சற்றே தடுமாறி நீந்தும் குஞ்சைத்தான் வேட்டை மீன் குறிவைக்கிறது என்பதை அவர் கவனித்திருந்தார்; அந்தத் தடுமாற்றத்தைத் தக்கைக்குக் கொடுத்ததுதான் அவர் செய்த வேலை. ஆகவே நிறத்தைவிட அசைவையும், அது நீந்தும் ஆழத்தையும் பாருங்கள். கரண்டி வடிவ உலோக இரையான 10 கிராம் ஸ்பூன் ஒன்று, மேற்பரப்பில் தெறிக்கும் பாப்பர் ஒன்று, ஒன்றரை மீட்டர் மூழ்கும் கிராங்க்பெய்ட் ஒன்று, முள்ளோடு எடையும் சேர்ந்த 7 கிராம் ஜிக் தலையும் அதில் குத்தும் மென்மையான ரப்பர் மீன்களும் இருந்தால் மேல்நீர் முதல் அடித்தரை வரை எல்லா ஆழத்தையும் தேடிவிடலாம். இவை அனைத்தும் முன்னே சொன்ன 7–21 கிராம் எல்லைக்குள் அடங்குவதைக் கவனியுங்கள்.

மீன் மாட்டிய பிறகு ராடைத் தலைக்குமேல் செங்குத்தாக ஓங்குவது படம் எடுக்க அழகாக இருக்கும். ராடுகள் முறிவதும் அப்போதுதான், குறிப்பாக மீன் காலடிக்கு வந்த கடைசி நிமிடத்தில். நரம்புக்கும் ராடின் பிடிக்கும் இடையிலான கோணம் 90 பாகையைத் தாண்டினால் சுமை முழுவதும் மெல்லிய நுனிக்குப் போய்விடும். ராடைத் தாழ்த்திப் பக்கவாட்டில் இழுங்கள். மீனின் தலை திரும்பும், உடல் பின்தொடரும். கரைக்கு வந்ததும் நரம்பைப் பிடித்துத் தூக்காமல் முடிச்சில்லாத ரப்பர் கைவலையால் அள்ளுங்கள். விடப்போகும் மீன் என்றால் கையை நனைத்துக்கொண்டு, உடலின் வழுவழுப்பான படலம் உரியாமல், கிடைமட்டமாக இரு கையாலும் தாங்குங்கள். நீருக்கு வெளியே இருக்கும் நேரம் நொடிகளில் இருக்கட்டும். வெப்பமான நீரில் கரைந்த ஆக்சிஜன் குறைவு என்பதால் உச்சி வெயிலில் பிடித்த மீன் மீள்வது கடினம். தொண்டைக்குள் போன முள்ளைப் பிடுங்க முயலாமல் நரம்பை வாய்க்கு அருகே வெட்டிவிடுவது மீன் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டும். முள்ளின் முனையருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்தி மடக்கிவிட்டால் கழற்றுவது எளிது, அது உங்கள் விரலில் ஏறிய நாளில் இன்னும் எளிது. கண்ணாடியும் தொப்பியும் வெயிலுக்கு மட்டுமல்ல, காற்றில் திரும்பி வரும் முள்ளுக்காகவும்தான். ஒளி முனைவாக்கும் கண்ணாடி நீரின் மேற்பரப்புப் பளபளப்பை நீக்கி அடியில் கிடக்கும் மரத்தையும் காட்டும்.

கழிமுகத்திலிருந்து திரும்பிய அன்றே, டிராக்கை நன்றாக இறுக்கிக்கொண்டு ரீலை நல்ல நீரால் மென்மையாகக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே தள்ளப்படும். டிராக் இறுகியிருந்தால் அதன் தட்டுகளுக்குள் நீர் புகாது. துடைத்துக் காயவைத்த பிறகு டிராக்கை முழுவதும் தளர்த்திவிட்டு எடுத்து வையுங்கள். இறுகியே கிடந்தால் தட்டுகள் அமுங்கி, அடுத்தமுறை அந்தத் தயக்கம் வந்துவிடும்.

ராடும் ரீலும் ஒரே பெட்டியில் வரும் தொகுப்பை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பெயர்பெற்ற நிறுவனத்துடையதாக, எறிஎடை 7–21 கிராமை ஒட்டியதாக இருந்தால் வாங்கலாம்; அதில் ஏற்கெனவே சுற்றியிருக்கும் நரம்பை மட்டும் கழற்றி எறிந்துவிட்டு நல்லதைச் சுற்றுங்கள். கையில் இருக்கும் பணத்தில் முதலில் டிராக் சீராக ஓடும் ரீலுக்கும் நல்ல நரம்புக்கும் முட்களுக்கும் ஒதுக்கி, மிச்சத்தில் ராடை எடுப்பது சரியான பங்கீடு. நீங்கள் போகும் நீர்நிலைக்கு உரிமம் தேவையா, எந்த அளவுக்குக் குறைந்த மீனைத் திருப்பி விட வேண்டும், எந்த மாதங்களில் தடை என்பவற்றை அங்குள்ள மீன்வளத் துறையிடம் கேட்டுக்கொண்டு, புதிய முடிச்சைக் கட்டி, நனைத்து, இறுக்கி, துணி சுற்றிய கையால் இழுத்துப் பார்த்துவிட்டு எறியத் தொடங்குங்கள்.